மருந்துக்கு அடங்காத கிருமியை எங்கே மறிப்பது?

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரங்களுக்குள் நான்காவது நோயாளியின் கல்ச்சர் அறிக்கை, அதாவது உடலில் எடுத்த மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்த்த சோதனையின் முடிவு, வருகிறது. கிருமியின் பெயர் அதே கிளெப்சியெல்லா. கீழே வரிசையாக மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எதிர்ப்பு', 'எதிர்ப்பு' என்று அச்சாகியிருக்கிறது. வேறு எதுவும் பலிக்காதபோது கொடுப்பதற்காகப் பத்திரப்படுத்தி வைக்கும் கார்பபெனம் வகை மருந்துக்கு நேரேயும் அதே சொல்தான். மறுநாள் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு கூடுகிறது. புற ஊதா விளக்கு இயந்திரம் வாங்க வேண்டும் என்கிறார் ஒருவர். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் பரிசோதித்து, கிருமி உள்ளவர்களைத் தனி அறைக்கு மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். எல்லா நோயாளிகளையும் தினமும் கிருமிநாசினியால் துடைத்துவிட்டால் போதும் என்பது மூன்றாமவர் கருத்து. மருந்து எழுதும் பழக்கம் மாறாமல் எதைச் செய்தும் பயனில்லை என்று கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வருகிறது. நால்வரிடமும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் இருக்கிற பணமும் ஆளும் இரண்டு வேலைகளுக்கு மேல் தாங்காது.

இப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். யார் உரக்கப் பேசுகிறாரோ அவருடைய யோசனை நிறைவேறிவிடுவதைப் பார்த்து வருந்தியும் இருக்கிறேன். அதனால்தான் இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாக எடை போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு கணக்குகள் போதும். மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் நேரடியாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றோடு தொடர்புடைய மரணங்களையும் சேர்த்தால் 49.5 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மருத்துவமனையில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கே இருக்கும்போதே புதிதாக ஒரு தொற்றாவது வருகிறது. வேறு நோய்க்காக வந்தவர்கள் அவர்கள்.

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம் வார்டில் இருப்பது எந்தக் கிருமி, அது இந்தக் கட்டிலிலிருந்து அந்தக் கட்டிலுக்கு எப்படிப் போகிறது? இதைக் கேட்காமல் தொடங்கும் விவாதம் எவ்வளவு நேரம் நடந்தாலும் ஓர் இடத்திலும் வந்து சேராது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும், மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தோலிலும் மூக்கின் முன்பகுதியிலும் வாழ்வது. மெத்திசிலின் மருந்து புழக்கத்துக்கு வந்த சிறிது காலத்திலேயே, 1961இல், அதை எதிர்க்கும் வகை பிரிட்டனில் கண்டறியப்பட்டுவிட்டது. கிளெப்சியெல்லா, ஈ கோலை போன்றவை குடலில் வாழ்பவை. ஈரமான இடங்கள் அவற்றுக்குப் பிடிக்கும். எதிர்ப்புக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும் திறமை இவற்றுக்கு உண்டு. அசினெட்டோபாக்டரோ காய்ந்த பரப்பில்கூட மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூன்றும் 'மருந்துக்கு அடங்காத கிருமி' என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன. ஆனால் மூன்றும் நடக்கும் பாதை வேறு.

முதலில் கை. மற்ற வழிகளோடு இதைப் போட்டிக்கு நிறுத்துவதே சரியில்லை என்பது என் எண்ணம். ஆனால் 'அதுதான் எல்லாருக்கும் தெரியுமே' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஒரு கட்டிலுக்கு எதிரே பத்து நிமிடம் உட்கார்ந்து செவிலியரின் கைகளை மட்டும் கவனித்தேன். கையுறை அணிந்து சிறுநீர்ப் பையைக் காலி செய்தார். அதே நேரம் பக்கத்துக் கட்டிலின் மானிட்டர் அலறியது. திரும்பி, அதே கையுறையோடு பொத்தானை அழுத்தி ஒலியை நிறுத்தினார். அப்படியே அந்த நோயாளியின் கழுத்து ரத்தநாளத்தில் செருகியிருந்த குழாய் மடங்கியிருப்பதைப் பார்த்துச் சரி செய்தார். அக்கறையோடு செய்த வேலைதான். அவர் மீது குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த நேரத்தில் நான்கு நோயாளிகள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். கையுறை அவருடைய கையைக் காத்தது. பக்கத்துக் கட்டில்காரரைக் காக்கவில்லை.

ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர் டிடியே பிட்டேயின் குழு செய்த வேலை இங்கே வழிகாட்டியாக இருக்கிறது. சோப்பும் தண்ணீரும் கொண்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடிகள் ஆகும். அதற்கு முதலில் வாஷ்பேசின் வரை நடக்க வேண்டும். ஆல்கஹால் திரவம் தேய்க்க 20 முதல் 30 விநாடிகள் போதும், கட்டிலை விட்டு நகர வேண்டியதில்லை. அவர்கள் பாட்டிலைக் கட்டிலருகே கொண்டுவந்தார்கள், தொடர்ந்து கண்காணித்தார்கள், கண்டதைப் பணியாளர்களிடமே திருப்பிச் சொன்னார்கள். 1994இல், கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 48 சதவீதத்தில்தான் அது நடந்தது. 1997இல் அது 66 சதவீதமாயிற்று. மருத்துவமனையில் தொற்று பெற்றிருந்தோரின் விகிதம் 1994இல் இருந்த 16.9 சதவீதத்திலிருந்து 1998இல் 9.9 சதவீதமாகக் குறைந்தது. முழுமைக்கு வெகு தூரத்தில் நின்ற ஒரு முன்னேற்றமே இவ்வளவு பலன் தந்திருக்கிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வேன். இதற்கும் எல்லை உண்டு. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (சி. டிஃபிசில்) கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. அங்கே சோப்பும் தண்ணீரும்தான். ஒரு செவிலியர் ஆறு பேரைப் பார்க்க வேண்டிய வார்டில், எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் கை சுத்தமாகாது. ஆள் எண்ணிக்கையைப் பற்றிப் பேசாமல் கைச்சுத்தத்தைப் பற்றி மட்டும் பேசுவது செவிலியர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்து, கூட்டங்களில் அதிகம் மோதிக்கொள்ளும் இரண்டு வழிகள்: தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்துவதா, யாரையும் தேடாமல் எல்லாரையும் கிருமிநாசினியால் துடைப்பதா?

எம்.ஆர்.எஸ்.ஏ. விஷயத்தில் இதற்கு மிக நேர்மையான பதில் தரும் பெரிய ஆய்வு 2013இல் வெளியானது. அமெரிக்காவில் 43 மருத்துவமனைகள், 74 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 74,256 நோயாளிகள். மருத்துவமனைகளை மூன்று அணிகளாகக் குலுக்கிப் பிரித்தார்கள். முதல் அணியில் பரிசோதித்து, கிருமி உள்ளவர்களைத் தனிமைப்படுத்தினார்கள். இரண்டாவதில் அவர்களுக்கு மட்டும் கிருமிநீக்கம் செய்தார்கள். மூன்றாவதில் பரிசோதனையே இல்லை. எல்லாருக்கும் தினமும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி தோய்ந்த துணியால் உடல் துடைப்பு, மூக்கில் ஐந்து நாட்களுக்கு மியூபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு. மூன்றாவது அணியில் எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்படுவது 37 சதவீதமும், எந்தக் கிருமியாலானாலும் ரத்தத்தில் தொற்று ஏறுவது 44 சதவீதமும் குறைந்தன. பரிசோதித்துத் தனிமைப்படுத்திய அணியில் சொல்லிக்கொள்ளும் மாற்றம் இல்லை.

ஏன் இப்படி? காரணம் எளிது. மூக்கில் எடுத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போய், கிருமி வளர்ந்து, முடிவு திரும்புவதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அதுவரை அந்த நோயாளி எல்லாரோடும்தான் இருக்கிறார். துடைப்போ முதல் நாளே தொடங்கிவிடுகிறது. இந்தக் கிருமி வாழும் இடமே தோல் என்பதால் வீட்டையே துப்புரவாக்கிவிடுகிறது. தனிமைப்படுத்தலுக்கு இன்னொரு விலையும் உண்டு. மேலங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும் என்றால், மருத்துவர்கள் உள்ளே போவதே குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கதவுக் கண்ணாடி வழியாகக் கையசைத்துவிட்டுப் போகும் காலைச் சுற்று எப்படி இருக்கும் என்பதை அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் நிலையிலிருந்து யோசிக்க வேண்டும்.

இதற்கு மறுப்பாக அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அனுபவத்தைச் சொல்வார்கள். அங்கே 2007 முதல் எல்லா நோயாளிகளுக்கும் மூக்குப் பரிசோதனை செய்து தனிமைப்படுத்தியதில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று மூன்றாண்டுகளுக்குள் 62 சதவீதம் குறைந்தது. உண்மைதான். ஆனால் பரிசோதனை, தனிமை, கைச்சுத்தம், பணிப் பண்பாட்டு மாற்றம் ஆகிய நான்கையும் ஒருசேரச் செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு அணி இல்லை. எது பலன் தந்தது என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. குலுக்கிப் பிரித்த ஆய்வின் பக்கமே என் மனம் சாய்கிறது.

ஆனால் துடைப்பை ஆதரிப்பவர்கள் இதே வெற்றியைப் பொது வார்டுகளுக்கும் நீட்டும்போது நான் நிறுத்தச் சொல்வேன். 53 மருத்துவமனைகளின் சாதாரண வார்டுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மொத்த நோயாளிகளையும் எடுத்துக்கொண்டால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ரத்தநாளத்தில் செருகிய குழாய் போன்ற கருவிகள் உடலில் உள்ளவர்களுக்கு மட்டும் பலன் இருந்தது. அதாவது கிருமி உள்ளே நுழைய வாசல் திறந்திருப்பவர்களுக்கு. எல்லாருக்கும் பூசினால், இந்தக் கிருமிநாசினிக்கும் களிம்புக்கும் எதிர்ப்பை வளர்த்துக்கொடுக்கும் அபாயமும் கூடவே வரும்.

நம் மேஜையில் இருப்பது எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் விவாதம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அறிக்கையில் இருப்பது கிளெப்சியெல்லா. அது குடலில் இருக்கிறது. தோலைத் துடைத்துக் குடலைச் சுத்தம் செய்ய முடியாது. இந்த இடத்தில் தராசு அப்படியே மறுபக்கம் சாய்கிறது.

இஸ்ரேல் இதற்கு உதாரணம். கார்பபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா அந்த நாட்டு மருத்துவமனைகள் முழுவதும் பரவியபோது, 2007 மார்ச்சில் நாடு தழுவிய நடவடிக்கை தொடங்கியது. கிருமி உள்ளவர்களை ஓரிடத்தில் பிரித்து வைத்து, அவர்களை மட்டும் கவனிக்கத் தனிச் செவிலியர்களை நியமித்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் யார் எங்கே இருக்கிறார் என்று அரசுக்கு நாள்தோறும் தெரிவிக்க வேண்டும். ஒரு லட்சம் நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் அது ஒரு நோயாளி நாள்) மாதம் 55.5 என்றிருந்த புதிய பாதிப்பு 2008 மே மாதத்துக்குள் 11.7ஆக இறங்கியது. அறை தனியாக இருந்ததைவிடச் செவிலியர் தனியாக இருந்ததே இதில் முக்கியம் என்று நான் கருதுகிறேன். கிருமி சுவர் ஏறிப் போவதில்லை; கைகளில்தான் போகிறது. பக்கத்து அறைக்கு அதே கைகள் போவதாக இருந்தால் கதவு இருந்தும் பயனில்லை.

நோய் வந்தவர்களை மட்டும் பிரித்தால் போதாது என்பதற்கு, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவ மையத்தில் 2011இல் நடந்தது ஒரு பாடம். கிருமி இருப்பது தெரிந்தே சேர்க்கப்பட்ட முதல் நோயாளியைத் தனிமையில்தான் வைத்திருந்தார்கள். அவர் வீடு திரும்பி மூன்று வாரங்கள் கழித்து இரண்டாவது நோயாளியிடம் அதே கிருமி தென்பட்டது. கடைசியில் 18 பேரிடம் அது பரவியது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள், 6 மரணங்களுக்கு அந்தத் தொற்றே காரணம். முழு மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தபோது அனைத்தும் அந்த முதல் நோயாளியிடமிருந்து கிளைத்தவை என்று தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் எந்த அறிகுறியும் இல்லாமல் குடலில் கிருமியைச் சுமந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். சுத்தம் செய்து வைத்த ஒரு வென்டிலேட்டரிலும், வாஷ்பேசின் வடிகாலிலும்கூட அது கிடைத்தது. இப்படி மறைந்திருப்பதை ரத்தக் கல்ச்சர் காட்டாது. ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுத்தால்தான் தெரியும். சங்கடமான பரிசோதனைதான், ஆனாலும் குடல் கிருமிக்கு அதுதான் கண்.

வாஷ்பேசின் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2017இல் செய்த சோதனையில், ஒளிரும் ஈ கோலையை வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயில் விட்டுப் பார்த்தார்கள். உணவு கிடைத்தபோது அது குழாயின் உட்சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் மேலே ஏறி, ஒரு வாரத்தில் சல்லடை மூடியை எட்டியது. அதன் பிறகு குழாயைத் திறந்தபோது நீர்த்துளிகளோடு சுமார் 75 சென்டிமீட்டர் வரை தெறித்தது. வளைவில் இருந்தவரை தெறிக்கவில்லை. சல்லடைக்கு வந்த பின்புதான் தெறித்தது. அந்த உணவை யார் கொடுக்கிறார்கள்? மீந்த குளுக்கோஸ் திரவத்தையும் குழாய் வழி உணவின் மிச்சத்தையும் கை கழுவும் வாஷ்பேசினில் ஊற்றும் நாம்தான் கொடுக்கிறோம். பக்கத்திலேயே மருந்துத் தட்டு இருக்கும் வார்டுகளை எண்ணிப் பாருங்கள். நெதர்லாந்தில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி அறைகளிலிருந்து வாஷ்பேசின்களையே அகற்றிவிட்டு, தண்ணீர் இல்லாத பராமரிப்புக்கு மாறினார்கள். குடல் வகைக் கிருமிகள் புதிதாகத் தொற்றுவது குறைந்தது, நீண்ட நாள் தங்கியவர்களிடம் இன்னும் தெளிவாகக் குறைந்தது. எல்லாராலும் அப்படி இடித்துக் கட்ட முடியாது. ஊற்றுவதை நிறுத்தவும் மருந்துத் தட்டை நகர்த்தவும் முடியும்.

புற ஊதா இயந்திரத்துக்கு வருகிறேன். அது வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். ஒன்பது மருத்துவமனைகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வழக்கமான சுத்தத்தோடு இதையும் சேர்த்தபோது அறைக்கு அடுத்து வந்த நோயாளிகளிடம் குறிப்பிட்ட கிருமிகள் தொற்றுவது சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த விளக்கை ஆளில்லாத அறையில்தான் ஏற்ற முடியும். இருபது நாள் படுத்திருக்கும் நோயாளியைச் சுற்றி அந்த இருபது நாளும் அதற்கு வேலை இல்லை. நிழல் விழும் இடத்தில் கதிர் படாது; அழுக்கு படிந்திருந்தால் முதலில் ஒரு மனிதர் துடைத்தாக வேண்டும்.

அந்த மனிதரை நியமிப்பதுதான் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவமனையின் பத்து வார்டுகளில், வார நாட்களில் கூடுதலாக மூன்று மணி நேரம், பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கருவிகளை மட்டும் துடைக்கத் தனி ஆட்களை வைத்தார்கள். ரத்த அழுத்தக் கருவி, டிரிப் ஸ்டாண்டு போன்றவை. தரையைத் துப்புரவுப் பிரிவினர் துடைப்பார்கள், நோயாளியைச் செவிலியர் துடைப்பார். இந்தக் கருவிகள் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் கட்டிலுக்குக் கட்டில் உருண்டுகொண்டிருக்கும். 2024இல் வெளியான முடிவின்படி மருத்துவமனைத் தொற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஓரிடத்தில் நடந்த ஆய்வுதான் என்றாலும், இயந்திரத்துக்குப் பணம் கேட்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

கடைசி நாற்காலியில் இருந்தவர் சொன்னது மற்ற எல்லாவற்றிலிருந்தும் வேறு வகையைச் சேர்ந்தது. கை, தனிமை, துடைப்பு, சுத்தம் எல்லாம் கிருமி நடக்கும் பாதையை அடைக்கின்றன. ஆன்டிபயாடிக்கைத் தேவைக்கு மட்டும் எழுதும் மருந்துக் கட்டுப்பாடு மட்டும்தான் அது உண்டாகி வளரும் நிலத்தைத் தொடுகிறது. பரந்த வீச்சுள்ள ஆன்டிபயாடிக் ஒன்றை ஒரு வாரம் கொடுத்தால் குடலில் இருக்கும் சாதுவான பாக்டீரியாக்கள் அழிந்து, எதிர்ப்புள்ள சிலவற்றுக்கு முழு இடமும் கிடைத்துவிடும். இங்கிலாந்தில் 2006க்குப் பிறகு சி. டிஃபிசில் தொற்று சுமார் 80 சதவீதம் குறைந்ததற்கு, வார்டு சுத்தத்தைவிட ஃப்ளோரோகுவினலோன் மருந்துகளைக் குறைத்ததே முக்கியக் காரணம் என்று மரபணு ஆய்வு காட்டியது. அந்த மருந்தை எதிர்க்கும் வகைகள்தான் மறைந்தன. மற்றவை முன்போலவே பரவிக்கொண்டிருந்தன. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, மருந்துக் கட்டுப்பாட்டால் பல மருந்துகளையும் எதிர்க்கும் கிராம் நெகட்டிவ் கிருமிகள் (கிளெப்சியெல்லா, ஈ கோலை போன்றவை) 51 சதவீதமும் எம்.ஆர்.எஸ்.ஏ. 37 சதவீதமும் குறைந்ததாகச் சொல்கிறது. கைச்சுத்தத்தோடு சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது.

இதில் மருத்துவர்களுக்கு உள்ள பயம் எனக்குப் புரிகிறது. மருந்தைச் சீக்கிரம் நிறுத்தி நோயாளி இறந்துபோனால் யார் பதில் சொல்வது? அந்தப் பயத்துக்கு இப்போது நல்ல பதில் இருக்கிறது. ஏழு நாடுகளில் 74 மருத்துவமனைகளில் 3,608 நோயாளிகளிடம், ரத்தத்தில் தொற்று ஏறியவர்களுக்கு 7 நாள் மருந்தா 14 நாளா என்று ஒப்பிட்டார்கள். 90 நாட்களுக்குள் இறந்தோர் 7 நாள் அணியில் 14.5 சதவீதம், 14 நாள் அணியில் 16.1 சதவீதம். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றும், நோய் எதிர்ப்பு சக்தி கடுமையாகக் குன்றியவர்களும் இதில் சேர்க்கப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் பழக்கத்தால் எழுதும் இரண்டாவது வாரத்தைப் பெரும்பாலோருக்கு வெட்டிவிடலாம். இந்த வழிக்கு ஒரே குறை, இது மெதுவானது. பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். நான்காவது கல்ச்சர் கையில் இருக்கும்போது இதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

ஆகவே அந்த மேஜைக்குத் திரும்பினால் என் வாக்கு இப்படிப் போகும். முதல் வேலை, அன்றைக்கே பிரிவில் உள்ள அனைவருக்கும் ஆசனவாய்ப் பரிசோதனை. கிருமி உள்ளவர்கள் ஒரு மூலைக்கு, அவர்களுக்கென்று தனிச் செவிலியர்கள், தனி ஸ்டெதாஸ்கோப், தனி ரத்த அழுத்தக் கருவி. வாரம் ஒருமுறை மற்றவர்களுக்கு மறுபரிசோதனை. இரண்டாவது வேலை, கார்பபெனம் எழுதப்பட்ட ஒவ்வொரு நோயாளியின் தாளையும் 48 மணி நேரத்தில் கல்ச்சர் முடிவோடு வைத்து ஒருவர் பார்ப்பது. இயந்திரத்துக்கான பணத்தில் துப்புரவுக்கு ஓர் ஆளையும் இரவுப் பணிக்கு ஒரு செவிலியரையும் கேட்பேன். எம்.ஆர்.எஸ்.ஏ. அதிகம் உள்ள பிரிவாக இருந்திருந்தால் முதல் வேலையை எடுத்துவிட்டு அங்கே குளோர்ஹெக்சிடின் துடைப்பை வைத்திருப்பேன். கிருமியின் பெயரைச் சொல்ல ஆய்வகமே இல்லாத இடமாக இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக ஆய்வகத்தைக் கேட்பேன். அதுவரை கட்டிலுக்குக் கட்டில் ஆல்கஹால் பாட்டில்.

கூட்டம் முடியும் நேரத்தில் அவசரமாகப் பேசி விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. இந்த நான்கு நோயாளிகளும் குணமாகி வீடு திரும்பும்போது கிருமி அவர்களுடைய குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். அவர்களுடைய டிஸ்சார்ஜ் தாளிலும் மருத்துவமனைப் பதிவேட்டிலும் அதைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். அவர்களிடமும் குடும்பத்தாரிடமும் பயமுறுத்தாமல் விளக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அவர்களில் ஒருவர் வேறொரு காரணத்துக்காக வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்தால், பெயரைப் பதியும் பணியாளருக்கு அது முதல் நிமிடத்திலேயே தெரிய வேண்டும்.